நேரில் கண்டது

4-8-1977, வியாழன்

ஐந்து பேர் வந்தார்கள். ஒருவனுக்கும் பென்சில் சீவத் தெரியவில்லை. கரும்பைச் சீவுவதுபோல் சீவுகிறார்கள். அரை மணி நேரத்தில் நான்கு பென்சில்கள் பாதியாகிவிட்டன. கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கி நானே சீவிக் கொடுத்தேன்.

இந்த வேலையை ஏன் ஒப்புக்கொண்டேன்? நன்னடத்தை அதிகாரி ராசாங்கம் வீட்டுக்கு வந்து எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பதால். முப்பது வயதுகூட ஆகாத மனிதர். மெட்ராஸில் ஏதோ பயிற்சிக்குப் போயிருந்தாராம். குடிக்கு அடிமையானவனைப் படம் வரைய வைத்தால், வாயால் சொல்ல முடியாதது கை வழியாக வெளியே வரும், மனசு லேசாகும், குடி குறையும் என்று அங்கே ஒரு டாக்டர் சொன்னாராம். "அரியலூர்ல டிராயிங் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தங்கதாம்மா" என்றார். அது உண்மை. பெண்கள் பள்ளியில் இருபத்தெட்டு வருஷம். நான் ஓய்வு பெற்ற பிறகு இந்த ஊரில் யாரும் ஒரு நேர்க்கோடு போட்டு நான் பார்த்ததில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் குடித்துவிட்டுக் குற்றம் செய்தவர்கள். முதல் தடவை என்பதால் ஜெயிலுக்கு அனுப்பாமல், ஒரு வருஷத்துக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட்டு வெளியே விட்டிருக்கிறது. குடிக்கக் கூடாது. காய்ச்சுகிறவர்களோடு சேரக் கூடாது. மீறினால் ஆறு மாசம் உள்ளே. வியாழன்தோறும் ராசாங்கத்தின் ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் என் முன்னால் உட்கார வேண்டும்.

பாவாடை என்று ஒருவன், குதிரை வண்டிக்காரன். கோடு போடும்போது கை நடுங்கியது. குடித்திருக்கிறாயா என்றேன்.

"குடிச்சா நடுங்காதுங்க டீச்சர். குடிக்காததாலதான் நடுங்குது."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

11-8-1977

பாவாடையை வாசலோடு திருப்பி அனுப்பினேன். வாடை. குடித்துவிட்டு வருகிறவனுக்கு உள்ளே இடமில்லை என்று முதல் நாளே சொல்லியாகிவிட்டது. "வாயத்தான மோந்தீங்க, படத்தப் பாக்கலியே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனான்.

18-8-1977

ஒருவனுக்குக் கை இருக்கிறது. அய்யாக்கண்ணு. நாற்பத்தைந்து வயதிருக்கும். தா.பழூர் போகிற வழியில் முந்திரிக்காட்டு ஊர்க்காரன். மாசி மாதம் போதையில் பஸ் கண்ணாடியை உடைத்துக் கண்டக்டரின் நெற்றியைக் கிழித்தவன். இப்போது பெண்டாட்டியோடு இங்கே வந்து சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைக்கிறான்.

குவளையை வரையச் சொன்னேன். மற்றவர்கள் வெளியே இருந்து வரைந்தார்கள். இவன் குவளையை நெடுக்கில் வெட்டி, உள்ளே தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று காட்டியிருந்தான். யார் சொல்லிக்கொடுத்தது?

"கல்ல ஒடச்சா உள்ளதான் எல்லாம் இருக்குதுங்க டீச்சர். நத்த, சிப்பி எல்லாம். வெளிய பாத்தா வெறுங்கல்லு."

கான்வென்டில் மதர் இந்த முறையை எங்களுக்கு ஏழாம் வகுப்பில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இவன் கைநாட்டு.

25-8-1977

வகுப்பு முடிந்ததும் ராசாங்கம் காபி வாங்கிக் கொடுத்தார். ஆறிப்போன காபி. ஏதோ பேச வேண்டும் என்பதற்காக, "ஐயா எதனாலம்மா காலமானாங்க?" என்று கேட்டார்.

மஞ்சள் காமாலை என்றேன். என் கணவர் போய்ப் பதினாறு வருஷம், அந்த ஒரே பதில்தான்.

"உங்களுக்கு இந்தக் குடிகாரங்களோட பழகுறது புதுசு. சங்கடமா இருக்குமேன்னு நெனச்சேன்."

ஆமாம், புதுசு என்றேன்.

1-9-1977

ராசாங்கத்தின் யோசனை: குடி என்றதும் மனசில் வருகிற இடத்தை வரைய வேண்டும். அரியமுத்து என்பவன் ஒரு பாட்டில் வரைந்தான். பாவாடை குதிரையை வரைந்து, "இதுதாங்க என்னய வூட்டுல கொண்டாந்து சேக்கும்" என்றான். நல்ல குதிரை இல்லை. ஆனாலும் குதிரை.

அய்யாக்கண்ணு முந்திரிக்காடு வரைந்தான். தரையைத் தொடும் கிளைகள், தலையில் இடி விழுந்த ஒற்றைப் பனை, அதன் பக்கத்தில் வெள்ளைப் பாறை. ஒரு மனிதன்கூட இல்லை.

இதில் குடி எங்கே என்றேன்.

"அது மண்ணுக்குள்ள இருக்குதுங்க."

"அப்படியானால் மண்ணை வெட்டிக் காட்டு. குவளையை வெட்டிக் காட்டத் தெரிந்தது அல்லவா?"

"வேணாங்க டீச்சர்."

சோம்பல். பாதி வரைந்த படம் பொய் சொன்னதற்குச் சமம் என்று மதர் சொல்வதை அவனிடம் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

8-9-1977

வரைந்துவிட்டான். பாறைக்குக் கீழே மண் அடுக்கு. அதற்குள் ஐந்து பானைகள் கழுத்துவரை புதைந்து, வாயில் சாக்கும் முந்திரித் தழையும். சாராயம் காய்ச்ச ஊறல் போடுகிற பானைகள். ஒவ்வொரு பானையிலும் ஊறல் ஒவ்வொரு அளவில் நிற்கிறது. ஒன்று நுரைத்துப் பொங்கியிருக்கிறது. நான் கரிக்கோலைத் தொடவே இல்லை. திருத்த ஒன்றுமில்லை.

வரைந்து முடித்துவிட்டு வெளியே போய்ப் பைப்படியில் ரொம்ப நேரம் முகம் கழுவினான். "எங்க அப்பன் மொதமொதல்ல ஊத்திக் குடுத்தது அங்கதாங்க. பத்து வயசு எனக்கு" என்றான். ராசாங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. இதுதாம்மா, இதுதாம்மா என்கிறார். எனக்கு அந்த மண் அடுக்கின் நிழல்தான் கண்ணில் நின்றது.

15-9-1977

பெரம்பலூரில் அக்டோபர் இரண்டாம் தேதி மதுவிலக்கு வார விழாவாம். கண்காட்சியில் நம் படங்களை வைக்கப் போகிறார்கள். அட்டையில் ஒட்டிக் குறிப்பு எழுதுவது என் வேலை.

குறிப்பு இல்லாத படத்தை நான் எங்கும் வைத்ததில்லை. வலது கீழ் மூலையில் நான்கு வரி: என்ன, எங்கே, யார், எப்போது. அதோடு, பார்த்து வரைந்ததா, நினைவிலிருந்து வரைந்ததா என்பதும் வர வேண்டும். கான்வென்ட் முறை. பள்ளிக் கண்காட்சிகளில் நினைவுச் சித்திரத்துக்கு எப்போதும் மார்க் குறைவு. அது கைக்குழந்தைகள் வரைவது.

அய்யாக்கண்ணுவிடம் இடத்தின் பெயரைக் கேட்டேன்.

"எடம் பேரு வேணாங்க டீச்சர்."

"ஏன்?"

"வேணாங்க. படம் இருக்குதுல்ல. அது போதும்."

இரண்டு தடவை கேட்ட பிறகு, "ஒத்தப்பனைக் கொல்லைம்பாங்க" என்றான். "ஆனா இப்ப பாத்ததில்லீங்க. மாசிக்கு முந்தி பாத்தது. அப்பறம் நான் அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்கல."

இவ்வளவு துல்லியமான படத்தை நினைவுச் சித்திரம் என்று எழுதினால் யார் மதிப்பார்கள்? எழுதினேன்:

ஊறல் புதைத்த இடம். ஒத்தப்பனைக் கொல்லை, முந்திரிக்காடு. நேரில் கண்டு வரைந்தவர்: அய்யாக்கண்ணு. செப்டம்பர் 1977.

என் எழுத்து இன்னும் வளையவில்லை. அறுபத்தாறு வயதில்.

2-10-1977, ஞாயிறு

பெரம்பலூர். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். யாரோ ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள், உட்காரவில்லை.

அய்யாக்கண்ணு படத்துக்கு முதல் பரிசு. அவன் வரவில்லை, குழியில் வேலையாம். மதுவிலக்குப் பிரிவு இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தின் முன்னால் கால் மணி நேரம் நின்றார். படிக்க வருகிறதா என்று அருகில் போய்க் கேட்டேன். "உங்க கையெழுத்தாம்மா? அச்சடிச்ச மாதிரி இருக்குதே" என்றார். சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து என் குறிப்பை வரி வரியாக எழுதிக்கொண்டார். கலை ரசனை உள்ள போலீஸ்காரரை இன்றுதான் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

8-10-1977

நேற்று ஒத்தப்பனைக் கொல்லையில் போலீஸ். ஐந்து பானைகள். பாறைக்குக் கீழே. படத்தில் இருந்த அதே இடம். ராசாங்கம் மூச்சு வாங்க வந்து சொன்னார்.

அய்யாக்கண்ணுவைக் குழியிலிருந்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். செப்டம்பரில் நேரில் கண்டதாக அவனே எழுதிக்கொடுத்திருக்கிறானே, அங்கே போய்வராமல் எப்படித் தெரியும், காய்ச்சுகிறவர்களோடு தொடர்பு இருக்கிறது, பத்திரத்தை மீறினான் என்கிறார்கள்.

"அவரு எழுதலியேம்மா. அவருக்கு எழுதத் தெரியாதே" என்றார் ராசாங்கம். என் முகத்தைப் பார்க்காமல்.

ராசாங்கம்தான் இந்த விஷயத்தைப் படமாக வரையச் சொன்னார். அவர்தான் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் சொன்னேனா?

14-10-1977

அய்யாக்கண்ணுவின் பெண்டாட்டி மருதாயி வந்தாள். வேலைக்காரி பாப்பாத்தி உள்ளே விடாமல் வாசலில் நிறுத்தியிருந்தாள். நான் எழுந்து போவதற்குள் அங்கேயே நின்றபடி பேச ஆரம்பித்துவிட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"கேஸு முடிஞ்ச அன்னைக்கே மூட்டயக் கட்டிக்கிட்டு இங்க வந்தோங்க. அங்க இருந்தாக் குடிப்பேன்னு அதுவாத்தான் சொல்லிச்சு. எட்டு மாசம் ஒரு சொட்டு தொடல. மாசி பொறந்தா பத்திரம் முடிஞ்சிருக்கும்."

"நான் வேண்டுமென்று..."

"போலீசு அதக் காய்ச்சுறவன்ங்குது. ஊரு காட்டிக்கொடுத்தவன்ங்குது. கொழுந்தன் ஊர்ப்பக்கம் வராதன்னு சொல்லியனுப்பிட்டாரு. ஒரு மனுசன் ரெண்டாவும் எப்படிங்க இருக்க முடியும்?"

மோர் குடி என்றேன். வேண்டாம் என்றாள். "நீங்க கோர்ட்டுல வந்து, அது சொன்னத நான் எளுதல, நானாத்தான் எளுதினேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்னு பெரியய்யா சொல்லுறாரு. சொல்லுவீங்களா?"

சொல்கிறேன் என்றேன். ராசாங்கத்தைத்தான் பெரியய்யா என்கிறாள்.

4-11-1977, வெள்ளி

கோர்ட்டு.

என்னைக் கூப்பிட்டார்கள். நாற்காலி கொடுத்தார்கள், உட்காரவில்லை. படம் மேஜையில் இருந்தது. முதல் பரிசு என்ற சிவப்பு ரிப்பனுக்குப் பக்கத்தில் கோர்ட்டுக்காரர்கள் நூல் போட்டு ஒரு சீட்டைக் கட்டியிருந்தார்கள். கோணலாக.

அரசுத் தரப்பு வக்கீல் சின்னப் பையன். என் கடைசி மாணவிகளின் வயதுதான் இருக்கும். அவன் பேச்சில் ஒரு இளக்காரம். "வயசாயிடுச்சு, மறதியா ஏதாவது எழுதியிருப்பீங்க, இல்லீங்களா பாட்டி?"

பாட்டி!

நான் யோசிக்காமல் எதையும் எழுதுவதில்லை என்றேன்.

"அப்படின்னா 'நேரில் கண்டு'ன்னு நீங்க எழுதினது யோசிச்சு எழுதினது?"

"ஆமாம்."

"எழுதினது சரிதானே?"

இந்த இடத்தில்தான். இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. தப்பு என்று ஒரு சொல். அந்தக் கூட்டத்தில், அந்தப் பையன் முன்னால். என்னிடம் படித்த இரண்டு பெண்கள் பின்னால் நின்றிருந்தார்கள். அய்யாக்கண்ணு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பயமே இல்லை அவன் முகத்தில். டீச்சர் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியாக நின்றிருந்தான்.

"சரி" என்றேன்.

ஆறு மாசம்.

வெளியே ராசாங்கம் சொன்னார்: "ஒரு வார்த்தைம்மா. ஒரே ஒரு வார்த்தை." மருதாயி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து போனாள்.

5-11-1977

சாப்பிடவில்லை. பாப்பாத்தியைத் திட்டினேன். எதற்கென்று நினைவில்லை.

14-11-1977

மூன்று நாளாக விடாத மழை. திருச்சியில் வெள்ளம், பஸ் ஓடவில்லை, பேப்பர் இல்லை. திருச்சி ஜெயிலுக்குள் தண்ணீர் வந்திருக்குமா? கேட்க ஆள் இல்லை. கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

8-12-1977

கொட்டகைக்குப் போனேன். யாரும் இல்லை. படம் போட்டால் ஜெயில் என்று மற்றவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ராசாங்கம் அவர்களை வற்புறுத்தவில்லை. என்னையும் வரச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன்.

21-12-1977

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்வது?

என் கணவருக்கு மஞ்சள் காமாலை இல்லை. குடி. சப்-ரிஜிஸ்திராராக இருந்தவர். தெருவில் ஆடாதவர், யார் கண்ணாடியையும் உடைக்காதவர். டாக்டர் சான்றிதழ், அரசாங்கம் கொடுத்த பர்மிட், மாதாமாதம் திருச்சியிலிருந்து முறைப்படி பிராந்தி. மதுவிலக்கு எங்களுக்கு இல்லை. ஊரில் கள் குடித்தவனை விலங்கு போட்டு இழுத்துக்கொண்டு போனபோது, இவர் ஜன்னலை மூடச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்து குடித்தார்.

ஊற்றிக் கொடுத்தது யார்? நான். மருந்து அளக்கிற அவுன்சு கிளாஸில். கோட்டுக்கு மேலேயும் போகாது, கீழேயும் நிற்காது. என் கையால் அளந்து கொடுத்தால் அது குடி இல்லை, மருந்து என்று பதினோரு வருஷம் நம்பினேன். நம்பினேனா? அவர் கை நடுங்கும்போது நானே வாயில் வைத்தேன். நினைவு நாள் அட்டையிலும் மஞ்சள் காமாலை என்று நான்தான் எழுதினேன். அழகான எழுத்து.

குடிகாரர்களோடு பழகுவது எனக்குப் புதுசாம்!

3-1-1978

கோர்ட்டுக்குக் கடிதம். ஏழு தடவை எழுதிக் கிழித்தேன். "விளக்கம்" என்று தொடங்கியது, "சிறு திருத்தம்" என்று தொடங்கியது... எல்லாம் போயிற்று. எட்டாவது: "நான் எழுதியது தவறு. அவர் நேரில் கண்டது முன்பு. அதை அவர் என்னிடம் சொன்னார். சொன்ன பிறகும் வேறு மாதிரி எழுதினேன்."

பதிவுத் தபால்.

2-2-1978

திரும்பி வந்துவிட்டது. தீர்ப்பான வழக்கில் இப்படிக் கடிதத்தை ஏற்க முடியாதாம். அப்பீல் போக வேண்டுமாம். அதற்கும் நாள் கடந்துவிட்டதாம். ராசாங்கம் ஒரு வக்கீலைக் கேட்டார். கால தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, அது மேலே போய் விசாரணைக்கு வருவதற்குள் ஆளே வெளியே வந்துவிடுவான் என்றாராம். கோர்ட்டில் கடிதத்தை முழுசாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். மடிப்பு நான் மடித்தபடியே இருக்கிறது.

9-2-1978

மருதாயி இருக்கும் குடிசைக்குப் போய்க் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கல் உடைத்த கையோடு நின்று கேட்டாள்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"ஆமாம்."

"அம்புட்டுக் கூட்டத்துல கூச்சமா இருந்துச்சாக்கும்."

அவள் நக்கலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தாள். குடிசை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

16-3-1978

பாவாடை கொட்டகைக்கு வந்தான். பத்திரம் முடிந்துவிட்டது, அவன் வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஏன் வந்தாய் என்றேன். "குதுர செத்துப்போச்சுங்க. அந்தப் படம் இருக்குதான்னு பாக்க வந்தேன்." எடுத்துக் கொடுத்தேன். குறிப்பில்லாத படம்தான் வேண்டும் என்றான். கத்தரிக்கோலால் மூலையை வெட்டிக் கொடுத்தேன்.

வாடை அடித்தது. போகச் சொல்லவில்லை.

27-4-1978

வியாழன்தோறும் போகிறேன். யாரும் வராவிட்டால் நானே வரைகிறேன். பள்ளியை விட்ட பிறகு நான் எனக்காக எதையும் வரைந்ததில்லை. இன்று அவுன்சு கிளாஸ். நெடுக்கில் வெட்டி, உள்ளே எதுவரை நிற்கிறது என்று. கோடு நேராக வரவில்லை. மூன்று தாள் வீண்.

4-5-1978

ரிமாண்டில் இருந்த நாளையும் கழித்து, அய்யாக்கண்ணு போன மாசமே வெளியே வந்துவிட்டதாக ராசாங்கம் சொன்னார். குழியில் வேலை தரவில்லையாம். குடிக்கிறாராம். மூன்று நாளாக மருதாயி தேடுகிறாளாம்.

"வகுப்பு வேலை செஞ்சுதும்மா. நான் நேர்ல பாத்தேன். ரெண்டு மாசம் வேலை செஞ்சுது" என்றார். அவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

18-5-1978, வியாழன்

கடும் வெயில். தகரம் கொதித்தது.

படத்தை முடித்துவிட்டேன். அவுன்சு கிளாஸ், கோடுவரை பிராந்தி, பிடித்திருக்கும் இரண்டு விரல்கள். என் விரல்கள். பேனாவை எடுத்துக்கொண்டு மூலைக்கு வந்தபோது வாசலில் நிழல். அய்யாக்கண்ணு. வேட்டியெல்லாம் மண். வாடை வாசலிலேயே தெரிந்தது. என் விதி அவருக்கு நினைவிருந்தது. படிக்கு வெளியே நின்றார்.

உள்ளே வாங்க என்றேன்.

"குடிச்சிருக்கேங்க டீச்சர்."

தெரிகிறது, உட்காருங்க என்றேன்.

நாற்காலியில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். நான் சொல்ல வேண்டியதை நேராகச் சொன்னேன்: நான் எழுதினது தப்பு, கோர்ட்டில் சொன்னதும் தப்பு. அவர் தலையாட்டினார். மன்னித்ததாகவும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து மேஜைப் பக்கம் தலையை நீட்டிப் பார்த்தார்.

"யாரு வூட்டு கிளாஸுங்க?"

"என் வீட்டு கிளாஸ். என் கணவர் குடித்துச் செத்தார். நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்."

அவர் பென்சில் ஒன்றை எடுத்து முனையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்தார். அவர் கை நடுங்கவில்லை. பிறகு நான் பேனாவை மையில் தொட்டதைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"எடம் பேரு வேணாங்க டீச்சர்."

எழுதினேன். தெரு, வீடு, என் கணவர் பெயர், என் பெயர், வருஷம். கடைசி வரியில்: நினைவிலிருந்து.